புதுக்கடைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு

(நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு நடத்தப்பட்ட தொழில் வழிகாட்டல் அமர்வில், சட்டத்தரணியாகப் பணிபுரியும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சட்டத்துறையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது பெரிய கடல். நான் அதன் துறைமுகத்தைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன், அதாவது இலங்கைச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையைப் பற்றி. நமது பாடசாலையிலிருந்து சட்டத்தரணியாக வந்தவர்களை என் இரண்டு கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் "நான் லோயராக வரப்போறேன்" என்று இந்த வகுப்பறைகளில் சொன்ன பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். என் வகுப்பிலேயே ஆறு பேர். ஆறு பேரில் விண்ணப்பம் போட்டது மூன்று பேர். பரீட்சை எழுதியது இரண்டு பேர். இரண்டாம் முறை எழுதியது நான் ஒருத்தி.

இரண்டாம் முறை என்று சொன்னதைக் கவனித்தீர்கள்தானே. முதல் முறை நான் சித்தியடையவில்லை. இன்று என்னை அறிமுகம் செய்தவர் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார், பண்பாக. எனக்கோ பேச்சில் பாதி அதைப் பற்றித்தான்.

சட்டக் கல்லூரி 1874 இல் தொடங்கியது. கொழும்பு புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்குள் நுழைய விரும்புபவர்கள் எழுதும் பரீட்சைக்கு நான் போன காலத்தில் இரண்டு வினாத்தாள்கள் இருந்தன. ஒன்று மொழித்திறன். மற்றது பொது அறிவும் நுண்ணறிவும். தகைமைகளும் ஒழுங்குகளும் அவ்வப்போது திருத்தப்படும். அதனால் எவரும் சொன்னார்கள் என்று, நான் சொன்னேன் என்றும்கூட, நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். அந்தந்த ஆண்டின் வர்த்தமானி அறிவித்தலை முழுதாக வாசியுங்கள். அடிக்குறிப்பையும் வாசியுங்கள். சாதாரண தரத்தில் எந்த மொழிப்பாடத்தில் எந்தத் தரம் வேண்டும் என்பதை உயர்தரம் முடித்த பிறகு அறிந்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நான் விட்ட முதல் பிழை, இது சட்டத்தைச் சோதிக்கும் பரீட்சை என்று நினைத்தது. 1997 இல் நான் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்கலாம். அரசியலமைப்பின் உறுப்புரைகளை மனனம் செய்தேன். உலக நாடுகளின் தலைநகரங்கள், நாணயங்கள், நோபல் பரிசு பெற்றவர்கள் எல்லாம் அடங்கிய தடித்த வழிகாட்டி ஒன்றை வாங்கி, உம்மா சமைக்கும்போது அடுப்படியில் நின்று ஒப்புவித்தேன். கொழும்பில் சனிக்கிழமை வகுப்பொன்றுக்கும் கொஞ்ச நாள் போனேன். பெரிய மண்டபம், ஒலிவாங்கி, எவரும் எவருடைய விடையையும் திருத்திக் கொடுப்பதில்லை. வாப்பா கருவாட்டுக் கடையில் மிச்சம் பிடித்த காசில் அந்த வகுப்புக்குப் போனேன். அந்தக் காசை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

பரீட்சை நாளன்று காலை கொழும்பில் இருக்க வேண்டும். எங்களுக்கு அங்கே தங்க ஆள் இல்லை. நடுச்சாமத்தில் எழும்பி, வாப்பாவும் நானும் பஸ் பிடித்து, பாலாவியில் மாறி, முந்தல், சிலாபம், நீர்கொழும்பு என்று போனோம். யுத்த காலம். சோதனைச் சாவடிகளில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, திரும்ப ஏறி, மண்டபத்துக்குள் போகும்போது கண் எரிந்தது. மொழி வினாத்தாளில் ஒரு பந்தியைக் கொடுத்து, அதைச் சுருக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் சுருக்கவில்லை, அலங்கரித்தேன். தமிழ்த்தினப் போட்டியில் கட்டுரைக்கு முதலிடம் பெற்றவள் அல்லவா! பழமொழியில் தொடங்கினேன். நுண்ணறிவில் ஒரு எண் தொடரைப் பிடித்துக்கொண்டு, அதை விடாமல் போராடி, கடைசிப் பக்கத்தைப் பார்க்காமலே தாளைக் கொடுத்தேன்.

முடிவு வந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எவரும் ஏசவில்லை. அதுதான் கஷ்டம். ஏசினால் அழுதிருக்கலாம். சாச்சி வந்து உம்மாவின் காதுக்குள் ஒரு சம்பந்தம் பற்றிப் பேசினார். நமது கரையில் ஒரு பெண்பிள்ளை பரீட்சையில் தவறினால், அடுத்த கேள்வி "எப்ப திரும்ப எழுதப்போறாய்?" என்று வருவதில்லை. எல்லா வீடுகளிலும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன், ஆனால் அன்று எங்கள் வீட்டில் அப்படித்தான். வாப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, "மகள், இன்னொரு வருஷம் தாறேன். அதுக்குப் பிறகு நான் சொல்றதைக் கேட்கணும்" என்றார். அந்த ஒரு வருஷத்தை எனக்கு வாங்கித் தந்தது என் திறமை இல்லை. நமது ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவர் கடைக்கே போய் வாப்பாவிடம் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று இருவருமே கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.

அந்த ஆசிரியையிடம் நான் கற்றதைத்தான் இன்று உங்களுக்குக் கொண்டு வந்திருக்கிறேன். அவருக்குச் சட்டம் தெரியாது. வாசிக்கத் தெரியும்.

ஒவ்வொரு நாளும் பத்திரிகையில் ஒரு ஆசிரியர் தலையங்கத்தை எடுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு நாள் இப்படியொரு வாக்கியம் வந்தது: "கடந்த பல ஆண்டுகளாகக் களப்பைச் சூழவுள்ள பிரதேசங்களில் அனுமதியுடனும் அனுமதியின்றியும் அமைக்கப்பட்டு வந்த இறால் பண்ணைகள் காரணமாகக் கண்டல் காடுகள் பெருமளவில் அழிவடைந்துள்ளமை மிகவும் கவலைக்குரிய விடயமாகும்." நான் பெருமையோடு எழுதினேன்: "இறால் பண்ணைகளால் களப்பைச் சுற்றியிருந்த கண்டல் காடுகள் அழிந்தது கவலைக்குரியது." ஆசிரியை வாசித்தார். "கவலையை வைத்துக்கொண்டாய், அனுமதியை எறிந்துவிட்டாயே" என்றார். யோசித்துப் பாருங்கள். கவலை எழுதியவருடையது, அது போனாலும் செய்தி நிற்கும். "அனுமதியுடனும் அனுமதியின்றியும்" என்ற சொற்கள் போனால், யார் மேல் வழக்கு, யாரிடம் கேள்வி என்பதெல்லாம் போய்விடும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று கண்டுபிடிப்பதற்குப் பெயர்தான் சுருக்கம். அன்றைக்குத்தான் இந்தப் பரீட்சை எதைத் தேடுகிறது என்று எனக்குப் புரிந்தது.

நுண்ணறிவும் அதே மாதிரித்தான். "எல்லாத் தோணிகளும் மரத்தால் ஆனவை. இந்தப் பொருள் மரத்தால் ஆனது. ஆகவே இது தோணி." சரியா? இல்லை என்று சிரிக்கிறீர்கள். ஆனால் நீதிமன்றத்தில், "களவெடுத்தவன் சிவப்புச் சட்டை போட்டிருந்தான், இவரும் சிவப்புச் சட்டை போட்டிருந்தார்" என்று சாட்சி சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை, கூண்டில் நிற்பவர் சிறைக்குப் போகிறார். கடந்தகால வினாத்தாள்களைக் கடிகாரத்தை வைத்துச் செய்யுங்கள். ஒரு கணக்கு வராவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும் துணிவு பழக்கத்தால்தான் வரும். பொது அறிவுக்குத் தலைநகரங்களை மனனம் செய்யத் தேவையில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு வருடம் ஒழுங்காகப் பத்திரிகை வாசித்த பிள்ளைக்கு அந்தத் தடித்த புத்தகம் பெரிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை.

ஒன்றைச் செய்யாமல் இருக்காதீர்கள். தினகரன், தினமின, டெய்லி நியூஸ் மூன்றும் லேக் ஹவுஸ் என்ற ஒரே நிறுவனத்திலிருந்து வருபவை. அரசாங்க அறிவித்தல் ஒன்று வந்தால் மூன்றிலும் வரும். ஒரே செய்தியை மூன்று மொழியிலும் வாசியுங்கள். தமிழில் விளங்கியதைச் சிங்களத்தில் தேடுங்கள், பிறகு ஆங்கிலத்தில். பாராளுமன்றம் இயற்றும் சட்டங்களும் மூன்று மொழிகளில் கிடைக்கின்றன. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்து, ஒரு நாளைக்கு ஒரு பிரிவு என்று வாசித்தால் எந்த ரியூசனும் தராத பயிற்சி அது.

மூன்று மொழி ஏன் என்று கேட்பீர்கள். நமது கரைக்கு இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையின்படி சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள், ஆனால் தமிழ் நிருவாக மொழியாக உள்ள இடங்களைத் தவிர ஏனைய இடங்களில் நீதிமன்றப் பதிவுகளும் நடவடிக்கைகளும் சிங்களத்தில் நடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் தமிழில் நடக்கும் வழக்கு புத்தளத்தில் சிங்களத்தில் நடக்கும். தமிழ் பேசும் கட்சிக்காரருக்கு உரைபெயர்ப்பாளரைப் பெறும் உரிமை இருக்கிறது, இருந்தாலும் தன் சட்டத்தரணியே தன் மொழியில் கேட்டு அந்த மொழியில் பேசுவதுபோல் வருமா? மேல் முறையீட்டுத் தீர்ப்புகளும் சட்ட அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலம். ஆக இந்தக் கரையில் தொழில் செய்யும் சட்டத்தரணிக்கு ஆள் பேசுவது தமிழ், மன்று பேசுவது சிங்களம், நூல் பேசுவது ஆங்கிலம்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. இங்கே பாதிப் பேருக்கு வீட்டிலேயே இரண்டு மொழி. சிலாபம் பக்கக் கத்தோலிக்கப் பிள்ளைகளின் வீடுகளில் பாட்டி தமிழில் செபம் சொல்லுவார், பேரப்பிள்ளை சிங்களத்தில் பாடம் படிப்பார். கற்பிட்டியில் மீன் ஏலம் எந்த மொழியில் நடக்கிறது என்று யாராவது சொல்ல முடியுமா? வாயில் இரண்டு மொழி இருக்கிறது, பேனையில் இல்லை. "கீயத" என்று கேட்கத் தெரிந்த நமக்கு அதை எழுதிக் காட்டினால் வாசிக்கத் தெரியாது. கொழும்புப் பிள்ளைகள் காசு கொடுத்துப் படிக்கும் ஒன்றில் முக்கால்வாசி நமக்குச் சந்தையிலேயே கிடைத்துவிட்டது. மிச்சக் காலை நீங்கள்தான் எழுத வேண்டும். கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர், 1859 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 'தமிழ் புளூட்டார்க்' என்று ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். அவர் நடந்த அதே மணலில்தான் நாமும் நடக்கிறோம்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு செய்தியைத் தெரிந்துவைத்திருங்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான விதிகள் 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வெளிவந்தன. சிங்களத்திலும் தமிழிலும் படித்த மாணவர்கள் கலங்கிப்போனார்கள். 2023 மார்ச்சில் அந்த விதிகள் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது தோற்கடிக்கப்பட்டன. எனக்கு அதில் மகிழ்ச்சி. தமிழில் விடை எழுதும் உரிமை இருந்திராவிட்டால் நான் இன்று இங்கே நின்றிருக்க மாட்டேன். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டு, "அப்படியென்றால் இங்கிலிஷ் தேவையில்லை" என்று எனக்குத் தொலைபேசியில் சொன்ன பிள்ளையிடம் கோபப்பட்டேன். உரிமை வேறு, வசதி வேறு. தமிழில் பரீட்சை எழுதுங்கள், ஆங்கிலத்தில் வாசியுங்கள்.

இனி, இதெல்லாம் எதற்கு என்று ஒரு விடயம் சொல்ல வேண்டும்.

1990 ஒக்டோபரில் நான் எட்டாம் வகுப்பு. வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நமது மாவட்டத்துக்கு வந்தார்கள். மன்னார்ப் பக்கத்திலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்களை நான் பார்த்தேன். எங்கள் வகுப்பில் வாங்குகள் போதவில்லை, ஒரு வாங்கில் ஐந்து பேர் இருந்தோம். என் பக்கத்தில் இருந்த பிள்ளையின் உம்மா காணி உறுதியை எடுக்காமல் வந்துவிட்டதைச் சொல்லிச் சொல்லி அழுவார். நான் சட்டம் படிக்க வேண்டும் என்று முதன்முதல் நினைத்தது அப்போதுதான்.

வேறொருவருடைய காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோர நமது சட்டம் இடமளிக்கிறது. 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அது. துரத்தப்பட்டவர் எப்படித் தடை சொல்வது? யுத்தத்தால் தம் உரிமையைக் கோர முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு ஒன்றைச் செய்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் அதற்குள் ஒரு வரி: சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.

அந்த இரண்டு ஆண்டுகள் முடிந்த பிறகு என் அலுவலகத்துக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். "எங்களுக்கு ஒரு சட்டம் வந்திருக்காமே, மகள்" என்று நம்பிக்கையோடு கேட்டு வந்த ஒரு மூதாட்டிக்கு, அது வந்து போய்விட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. யாரோ அவருக்குச் சட்டத்தின் கருணையைச் சுருக்கிச் சொல்லியிருக்கிறார், தவணையை விட்டுவிட்டார். கவலையை வைத்துக்கொண்டு அனுமதியை எறிந்தாயே என்று ஆசிரியை கேட்டது அன்று என் காதில் விழுந்தது. நுழைவுப் பரீட்சையின் சுருக்கப் பந்தி ஐந்தாறு புள்ளி என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முகாமிலும் ஒவ்வொரு குடியேற்றத்திலும் அந்த ஒரு வரியை வாசித்துச் சொல்ல ஒரு பிள்ளை இருந்திருந்தால் எத்தனை காணி மிஞ்சியிருக்கும் என்று நான் இன்னும் கணக்குப் போடுகிறேன்.

வீட்டில் பயப்படும் பெற்றோருக்கும் ஒரு சொல். 2013 ஜனவரியில், நுழைவுப் பரீட்சையில் முஸ்லிம் மாணவர்கள் சித்தியடைந்ததில் மோசடி என்று சொல்லிப் பொது பல சேனா சட்டக் கல்லூரிக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் செய்தது. அந்தக் கிழமை பல தாய்மார் என்னிடம், "பிள்ளையை அனுப்பலாமா?" என்று கேட்டார்கள். விடைத்தாளில் பெயர் இல்லை, சுட்டெண்தான் இருக்கிறது என்று சொன்னேன். அது பாதி ஆறுதல்தான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஆண்டு போன பிள்ளைகள் படித்து முடித்தார்கள்.

முதல் முறை கிடைக்காதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் சட்டபீடமோ சட்டத்துறையோ இருக்கிறது, அதற்கு உயர்தர இசட் புள்ளி வேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணிக்குத் தனியாக ஒரு தெரிவுப் பரீட்சை. பட்டம் பெற்றவர் சட்டக் கல்லூரிக்குப் போகும்போது இந்த நுழைவுப் பரீட்சையை எழுத வேண்டியதில்லை. ஆண்டுகள் கூடும், கதவு மூடாது. நான் அந்தக் காத்திருந்த வருஷத்தில் புத்தளத்தில் ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக உறுதிகளைத் தட்டச்சு செய்தேன். சிங்களம் எழுதப் படித்தது அங்கேதான். சும்மா வீட்டில் இருந்து வழிகாட்டிப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பி வாசித்திருந்தால் மனம் உடைந்திருக்கும். காத்திருக்கும் காலத்தில் காலையில் எழும்பிப் போக ஓர் இடம் வேண்டும், அது எந்த இடமாக இருந்தாலும் சரி.

1998 இல் இரண்டாம் முறை போனபோது பஸ்ஸில் நடுச்சாமத்தில் ஏறவில்லை. அதே ஆசிரியை, கொட்டாஞ்சேனையில் குடியிருந்த நமது பழைய மாணவி ஒருவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். என்னை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. முதல் நாள் மாலை போனேன். புட்டும் மீன் குழம்பும் தந்தார், ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டார், "இனிப் படித்தால் மறக்கும்" என்றார். காலையில் மண்டபத்துக்கு முச்சக்கர வண்டியில் கொண்டுபோய் விட்டார். சித்தியடைந்தேன்.

இந்த உரை மலரில் வரப்போகிறது என்பதால், இங்கே இல்லாத அக்காமார், தங்கைமாரிடமும் கேட்கிறேன். கொழும்பிலும் அண்டிய இடங்களிலும் இருப்பவர்கள், பரீட்சைக்கு முதல் நாள் இரவு ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டில் தர முடியுமென்றால் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டில் அனுப்ப முடியாது, பத்திரிகைச் சந்தா அனுப்பலாம். நூலகத்துக்கு மூன்று மொழிப் பத்திரிகையும் ஓராண்டுக்கு வர வேண்டும். கடந்தகால வினாத்தாள்கள் யாரிடமாவது இருந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அனுப்பிவையுங்கள்.

தங்கைமாரே, அதிபர் அனுமதி தந்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் நூலகத்தில், களப்புப் பக்க ஜன்னலோரம் இருப்பேன். ஒரு பேனையும் முந்தின நாள் பத்திரிகையும் கொண்டு வாருங்கள். திருத்தித் தருவேன்.